ஃப்ரீ ரைடர்: 'இலவசப் பயணி' வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

காலநிலை ஒப்பந்தங்களை ஆட்டக் கோட்பாட்டின் (பிறர் என்ன செய்வார் என்று கணித்து ஒவ்வொருவரும் முடிவெடுப்பதை ஆராயும் 'கேம் தியரி') வழியே விளக்கும் கட்டுரைக்காக, செலவில் பங்கு கொடுக்காமல் பொதுப் பலனை மட்டும் அனுபவிப்பவரைக் குறிக்கும் 'ஃப்ரீ ரைடர்' என்பதைத் தமிழில் 'இலவசப் பயணி' ஆக்கலாம் என்கிறார் நம் குழுவின் புதுச்சேரி ஐயா. எங்கள் ஊரில் எடுபடாது. கடலூர் டவுன் பஸ்ஸில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டரே கட்டணமில்லாச் சீட்டைக் கொடுக்கிறார். வேலைக்குப் போகும் அக்காதான் இங்கே இலவசப் பயணி. அது அவருக்கு உரிமை.

'வித்தவுட்' என்பதும் பொருந்தாது. செக்கிங் வந்தால் பிடித்து இறக்கிவிடலாம். காற்றுமண்டலத்திலிருந்து யாரை இறக்கிவிடுவது? ஒரு நாடு கரியமில வாயுவைக் குறைத்தால் பலன் எல்லாருக்கும் போகிறது, செலவு அதன் தலையில். ஆகவே பிறர் குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் சும்மா இருப்பதே லாபம் என்று ஒவ்வொரு நாடும் கணக்குப் போடுகிறது. கடைசியில் எல்லாருக்கும் நட்டம். உமிழ்வைக் குறைக்க நாடுகள் 1997இல் செய்துகொண்ட கியோட்டோ நெறிமுறையில் அமெரிக்கா கையெழுத்திட்டதோடு சரி, அதற்குக் கட்டுப்படுவதாக ஏற்புறுதி அளிக்கவே இல்லை. 1990 அளவிலிருந்து 6 விழுக்காடு குறைக்க ஒப்பிய கனடா, 2011இல் விலகுவதாக அறிவித்துவிட்டு நடையைக் கட்டியது.

என் பரிந்துரை 'கொடாப்பயனர்', செயலுக்குக் 'கொடாப்பயன்'. கொடாக்கண்டனைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. 'ஒட்டுண்ணி' வசவு. 'ஓசி' பேச்சுக்குச் சரி, பாடநூலில் விடமாட்டார்கள். வரையறையில் மட்டும் 'கொடுக்க இயன்றும்' என்பது இருக்கட்டும். இல்லாவிட்டால் உமிழ்வே பெரிதாக இல்லாத குட்டித் தீவு நாடான துவாலுவையும் இதில் அடைத்துவிடுவார்கள்.

கடலூரிலிருந்து

*

ஐயா, 'கொடாப்பயனர்' எனக்குச் சம்மதம். 'கொடாப்பயன்' வேண்டாம், 'யாருக்கும் கொடுக்காத பயன்' என்று படிப்பார்கள். 'கொடாது துய்த்தல்' என்று வைப்போம்.

அடுத்த தலைவலி 'கிளைமேட் கிளப்'. 2015இல் அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் நோர்டாஸ் முன்வைத்தது: உள்ளே இருக்கும் நாடுகள் உமிழ்வுக்கு விலை வைக்கும், வெளியே நிற்பவர் சரக்குக்கு எல்லையில் வரி போடும். கொடாப்பயனருக்கும் செலவு வந்துவிடும், கணக்கே மாறிவிடும். 1987 மொன்றியல் நெறிமுறையும் தன்னில் சேராத நாடுகளோடு ஓசோனைக் கெடுக்கும் பொருள்களின் வணிகத்தைத் தடுத்தது. 'மன்றம்' என்றால் கட் அவுட்டும் பாலாபிஷேகமும்தான் கண்முன் வருகின்றன. 'கூட்டணி' என்றால் தொகுதிப் பங்கீடு. 'காலநிலை வரிக்கூட்டு' எப்படி? பொருளியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.

புதுச்சேரியிலிருந்து