மறு: சப்சானிக் தோட்டா – தமிழில் என்ன சொல்வது?

> 'மென்னொலித் தோட்டா' என்று வைத்துவிடலாமே? சத்தம் குறைவு என்றுதானே வேட்டைக்காரர்கள் வாங்குகிறார்கள்.

ஐயா, வணக்கம். சொல் காதுக்கு இனிக்கிறது, பொருளைத்தான் கெடுக்கிறது. சப்சானிக் தோட்டா என்பது குண்டை ஒலியைவிட மெதுவாக அனுப்புவது. இதிலும் மருந்து வெடிக்கத்தான் செய்யும். அந்தச் சத்தத்தை மட்டுப்படுத்துவது குழல் முனையில் மாட்டும் ஒலியடக்கி. குண்டு ஒலியை முந்தும்போது எழும் 'சடீர்' மட்டும் இதில் இல்லை. ஆக, இலக்கணம் வேகத்தில் இருக்கிறது.

ஒலிவேகம் என்ற அந்த எல்லையும் நிலையானதல்ல. காற்றில் ஒலி 20 பாகை செல்சியசில் நொடிக்கு 343 மீட்டர் போகும், உறைநிலையில் 331தான். 330ஐ ஒட்டிப் பறக்கும் குண்டு கோடை மாலையில் அடங்கியிருந்து, பனி இரவில் சடீரிடலாம். அதனால்தான் பல ஆலைத் தோட்டாக்கள் 320ஐ ஒட்டி நிற்கின்றன.

> 'ஒலிபிந்து தோட்டா'? வினைத்தொகை, சுருக்கம்.

சுருக்கம் சரி. பிந்துவது எது, குண்டா ஒலியா? ஒலி பிந்தினால் அது ஒலியை முந்தும் சூப்பர்சானிக் அல்லவா! 'ஒலிமுந்து' என்றாலும் இதே வம்பு.

என் பரிந்துரை: ஒலிக்கீழ்வேகத் தோட்டா. நீளம்தான், பேச்சில் 'கீழ்வேகத் தோட்டா' என்று தானே சுருங்கிவிடும். வாங்குபவருக்கு உறைக்க வேண்டியதும் அந்தக் 'கீழ்'தான். இங்கிலாந்தில் இரவில் முயல் சுடுவோரின் .22 தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) குண்டு, குழல்வாயில் அதன் ஆற்றல் சுமார் 130 ஜூல். முயலுக்குப் போதும். ஆனால் 50 மீட்டருக்குக் குறி சரிபார்த்த துப்பாக்கியில் 100 மீட்டரில் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் தாழ்ந்துவிடும்.

.300 பிளாக்அவுட் என்ற பெரிய துப்பாக்கித் தோட்டாவில் 190 கிரெயின் குண்டு போட்டாலும் 630 ஜூல் அளவில்தான் நிற்கும். டெக்சாசில் அதைக்கொண்டு காட்டுப்பன்றி சுடுகிறார்கள். இங்கிலாந்திலோ மிகச் சிறிய முண்ட்ஜாக் மானுக்கே சட்டம் சுமார் 1,356 ஜூல் கேட்கிறது. அங்கே மானுக்கு இது ஆகாது.

இன்னொரு சொல்லும் கூடவே வேண்டும். வழக்கமான மான்வேட்டைக் குண்டு இந்த வேகத்தில் மலராமல் கோணூசி போலத் துளைத்துப் போய்விடும். விலங்கு காயத்தோடு ஓடும். குறைந்த வேகத்திலும் விரிய வடித்தவற்றை 'விரிகுண்டு' எனலாமா? பெட்டி வாங்கும்போது சத்தத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது, குண்டு விரியக் குறைந்தது எவ்வளவு வேகம் தேவை என்பதைத்தான்.

> ஃபேக்டரி என்பதற்குத் 'தொழிற்சாலைத் தோட்டா'?

'ஆலைத் தோட்டா' போதும். வீட்டில் மருந்து நிரப்பிக்கொள்வது 'கைநிரப்புத் தோட்டா'.

ஒன்று மட்டும்: நம் கலைச்சொல் பட்டியலில் தோட்டாவும் குண்டும் மாறி மாறி வருகின்றன. உறை, மருந்து எல்லாம் சேர்ந்தது தோட்டா. பறந்து போவது குண்டு. பட்டியலின் 7, 12 ஆம் வரிகளைத் திருத்திவிடுங்கள்.