டர்பன் வெயிலில் திருவருகைக்கால வளையம்: 4 வாரம் தாங்கும் இலை எது?

ஸ்தோத்திரம் சகோதர சகோதரிகளே. 2026இல் திருவருகைக்காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளின் காலம்) நவம்பர் 29இல் தொடங்குகிறது. 30 செ.மீ. இலை வளையம், அதில் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற ஊதா மெழுகுவர்த்தி 3, மூன்றாம் ஞாயிறுக்கு ரோஸ் நிறத்தில் 1.

சிக்கல் பச்சை இலையில்தான். ஐரோப்பாவில் இது குளிர்காலம்; தென்னாப்பிரிக்காவில் நமக்குக் கொதிக்கிற கோடை. பைன் கிளை பத்தே நாளில் மொறமொறவென்று காய்ந்து உதிர்கிறது, பக்கத்தில் நெருப்பு வேறு. ஈர ஃபோமில் (பூ அலங்காரத்துக்கான, தண்ணீர் உறிஞ்சும் பஞ்சுக் கட்டி) செருகினால் கொஞ்சம் தாங்கும். ஃபோமைத் தண்ணீரில் அமுக்கக் கூடாது, தானாக மூழ்க விட வேண்டும். அமுக்கினால் உள்ளே காற்று தங்கி நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். மெழுகுவர்த்தியை நேரே ஃபோமில் குத்தினால் ஆட்டம் காணும், தகரக் குவளை வேண்டும்.

முதல் மெழுகுவர்த்தி தினம் 15 நிமிடம் எரிந்தால் டிசம்பர் 24ஆம் தேதிவரை ஆறரை மணி நேரம். மணிக்கு 2.5 செ.மீ. கரைந்தால் 16 செ.மீ. போய்விடும். ஆகவே 25 செ.மீ. உயரம் போதும். ஆனால் ஜன்னலோர வெயிலில் வைத்தால் எரியாமலேயே வளைகிறது!

இரண்டு கேள்விகள்: வீட்டுத் தோட்டத்து இலைகளில் 4 வாரம் வாடாதது எது? டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் உள்ளேயும் ஊதாவாக இருக்கும் மெழுகுவர்த்தி எங்கே கிடைக்கும்? மேலே மட்டும் சாயம் பூசியது வேண்டாம்.