வெட்டி முடிந்த தேக்கந்தோட்டத்தில் கிடக்கும் துண்டுகளை முறையாக எடுக்க வழி உண்டா?

கல்லடிக் கடைசல்:
கல்லடியில் சின்னதாக ஒரு கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். மத்து, அகப்பைக் காம்பு, கட்டில் குமிழ், கிண்ணம், இவைதான் வேலை. ஒரு முழத்துக்கு மேல் நீளமான மரம் எனக்குத் தேவையே இல்லை.

அம்பாறைப் பக்கம் போன இடத்தில் அரசாங்கத் தேக்கந்தோட்டம் ஒன்று வெட்டி முடிந்து கிடந்தது. தண்டெல்லாம் லொறியில் போய்விட்டது. அடிக்கட்டையும் கொப்பும் கவையும் அப்படியே கிடக்கின்றன. ஒரு கவையைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு கிளை சேரும் இடத்தில் ரேகை சுழி சுழியாக, உள்ளே நல்ல வைரம். மரக்காலையில் தேடினாலும் அப்படி ஒரு துண்டு அகப்படாது. சும்மா கேட்கவில்லை, காசு கொடுத்துத்தான் எடுக்க நினைக்கிறேன். ஆனால் ஒரு கந்தோரில் கேட்டால் அடுத்த கந்தோரைக் காட்டுகிறார்கள். யாரிடம் போவது?

வாழைச்சேனை:
நாலு துண்டை ஓட்டோவில் போட்டுக்கொண்டு வாங்க அண்ணே. ஊர்ச்சனம் விறகு பொறுக்கவில்லையா?

அக்கரைப்பற்று ஓடாவி:
தம்பி, மேலே சொன்ன யோசனையை விட்டுவிடுங்கள். இலங்கையின் 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அனுமதியில்லாத மரம் பிடிபட்டால் மரத்தோடு வாகனமும் பறிபோகலாம். காய்ந்த சுள்ளியைத் தலையில் சுமப்பவரைக் கண்டும் காணாமல் விடுவார்கள். தேக்கங்கட்டையோடு ஓட்டோ வந்தால் விடமாட்டார்கள்.

கந்தோர் கந்தோராக அலைவதற்குக் காரணம் இதுதான்: தோட்டம் வனத் திணைக்களத்தினது, வெட்டி விற்பது அரச மரக் கூட்டுத்தாபனம். வெட்டு நடக்கும் காலத்தில் கூட்டுத்தாபனத்தைத்தான் பிடிக்க வேண்டும். அவர்கள் விறகும் விற்கிறார்கள். உங்கள் கவையும் கொப்பும் அவர்கள் கண்ணுக்கு விறகுதான். அந்தக் கணக்கிலேயே கேளுங்கள், 'கலை வேலைக்கு' என்று விளக்கப் போனால் எந்தப் பத்தியில் எழுதுவது என்று அவர்களுக்கே தெரியாது. நீளமும் சுற்றளவும் பார்த்து விலை போடுகிற இடத்தில் சுழி ரேகைக்கு யார் விலை போடுவது? எனக்கு அதில் கோபம் உண்டு, ஆனால் இப்போதைக்கு நமக்கு அது லாபம்.

பற்றுச்சீட்டு வாங்கினால் மட்டும் போதாது. தேக்கை ஏற்றி வர பெர்மிட் வேண்டும். அதில் எழுதின நாளும் பாதையும் மாறக்கூடாது.

இன்னொன்று, கொப்பை நம்பி மேசைக்கால் கடையாதீர்கள். சரிந்து வளர்ந்த கிளை உள்ளுக்குள் இழுபட்டு நிற்கும், அறுத்த பிறகு வளையும். மத்துக்கும் கிண்ணத்துக்கும் கவை நல்லது. கையில் வந்த அன்றே இரண்டு முனைக்கும் மெழுகு உருக்கிப் பூசுங்கள், இல்லாவிட்டால் முனையிலிருந்து வெடிக்கும். வெளியே இருக்கிற வெள்ளையைச் சீவி எறியுங்கள், வண்டு அங்கேதான் இறங்கும்.

கல்லடிக் கடைசல்:
நன்றி காக்கா. விறகு என்றே கேட்கிறேன். காட்டு மரமான முதிரையின் துண்டும் இப்படிக் கிடைக்குமா?

அக்கரைப்பற்று ஓடாவி:
கஷ்டம். இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதை 1990இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது வெட்டுவது பெரும்பாலும் நட்டு வளர்த்த தேக்கும் யூக்கலிப்டசும்தான். முதிரை வேண்டுமானால் பறிமுதலான மரம் ஏலத்துக்கு வரும்வரை பார்த்திருக்க வேண்டும். பழைய வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் உடனே ஓடுங்கள். பழைய நிலையும் வளையும் முதிரையாக இருக்கும், ஐம்பது வருடம் காய்ந்தது. ஆணியைப் பிடுங்கிவிட்டு அறுக்கிற வாளை வையுங்கள்.

களுவாஞ்சிகுடி:
வீட்டு வளவு மரங்களையும் பாருங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும். வேம்பும் புளியும் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் பக்கம் கூரைக்கு மேல் சாய்ந்த வேம்பை வெட்டினால் கட்டையை அப்புறப்படுத்த ஆள் கிடைத்தாலே போதும் என்பார்கள். புளியங்கட்டை கடைசலுக்கு எப்படி என்று யாராவது சொல்லுங்களேன், என் வளவில் ஒன்று விழுந்து கிடக்கிறது.