ஒரே ஆளுக்கு மூணு ஹெச்-இன்டெக்ஸ்: படிவத்துல எதை எழுதறது?

பாலாற்றங்கரை:

ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடற டேனரிக் கழிவு ஊறின மண்ணுல குரோமியத்தைத் தாங்கி வளர்ற பாக்டீரியாக்கள், இதுதான் என் வேலை. பிஎச்டியில தொட்டது, இன்னிக்கு வரைக்கும் அதே மண்தான். இப்போ பதவி உயர்வுக்கு ஃபைல் தயார் பண்றேன். ஐக்யூஏசியில, அதாவது காலேஜோட தர உறுதிப் பிரிவுல இருந்து ஒரு எக்செல் ஷீட் வந்திருக்கு. அதுல "ஹெச்-இன்டெக்ஸ்"னு ஒரே ஒரு கட்டம். நம்ம கட்டுரைங்களை மத்தவங்க எவ்வளவு மேற்கோள் காட்டினாங்கன்றதை வெச்சு வர்ற எண் அது.

கூகுள் ஸ்காலர்ல 9 காட்டுது. ஸ்கோபஸ்ன்ற கட்டுரைத் தரவுத்தளத்துல 5. அதே ஸ்கோபஸ்ல என் பேர்லயே இன்னொரு ஆள் இருக்காங்க, அவங்களுக்கு 3. யாருன்னு உள்ளே போய்ப் பார்த்தா அதுவும் நான்தான்! கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், அப்புறம் வீட்டுக்காரர் இனிஷியல். ரெண்டு பேர்லயும் கட்டுரை வந்திருக்கு. 5ஐயும் 3ஐயும் கூட்டி 8னு போட்டுடலாமா? எங்க ஹெச்ஓடி "ஸ்காலர்ல இருக்கற 9ஐயே போடும்மா, யார் பார்க்கப் போறா"ன்றார்.

பக்கத்து டிபார்ட்மென்ட் கெமிஸ்ட்ரி சாருக்கு 27. அதைப் பார்த்ததுக்கு அப்புறம் 5 என்ன, 9 என்னன்னு ஆயிடுச்சு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காட்பாடி நூலகர்:

மேடம், தயவுசெஞ்சு கூட்டாதீங்க. ஹெச் கூட்டற எண்ணே கிடையாது. ரெண்டு ப்ரொஃபைலையும் சேர்த்தா 8 வரணும்னு கட்டாயம் இல்ல. 5லயே நிக்கலாம், 6 ஆகலாம், 7 ஆகலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் எத்தனை சைட்டேஷன், அதாவது மத்தவங்க காட்டின மேற்கோள்னு ரெண்டு ப்ரொஃபைல்லயும் பார்த்து இங்க போடுங்க, கணக்கு போட்டே காட்டறேன்.

கல்லூரி நூலகத்துல இருந்து ஓய்வு வாங்கினவன் நான். கடைசி சில வருஷம் புத்தகம் எடுத்துக் குடுத்ததைவிட இந்த எண் எடுத்துக் குடுத்ததுதான் அதிகம்.

பாலாற்றங்கரை:

நன்றி சார். முதல் ப்ரொஃபைல்ல 8 கட்டுரை: 22, 15, 9, 9, 6, 4, 1, 0. ரெண்டாவதுல 4 கட்டுரை: 41, 13, 7, 3. அந்த 41 என் பிஎச்டி வேலை, அப்பா இனிஷியல்ல வந்தது.

காட்பாடி நூலகர்:

பார்த்தீங்களா, உங்க நல்ல கட்டுரையே அந்த இன்னொரு ஆள்கிட்ட மாட்டிக்கிட்டிருக்கு.

எல்லாத்தையும் பெருசுல இருந்து சின்னதா அடுக்குங்க: 41, 22, 15, 13, 9, 9, 7, 6, 4, 3, 1, 0. மேல இருந்து விரல் விட்டு எண்ணிட்டே வாங்க. ஏழாவது கட்டுரைக்கு 7 சைட்டேஷன் இருக்கு, சரி. எட்டாவதுக்கு 6தான், நிறுத்திடணும். குறைஞ்சது 7 சைட்டேஷன் வாங்கின கட்டுரை 7 இருக்கு, அதனால உங்க ஹெச் 7. ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ வளாகத்துல இருந்து 2005ல சொன்ன கணக்கு மொத்தமும் இவ்வளவுதான்.

இப்போ ஒரு வேடிக்கை. அந்த 41ஐ அழிச்சுட்டு 410னு எழுதிப் பாருங்க. ஹெச் அதே 7தான். உச்சியில என்ன நடந்தாலும் அதுக்குக் கண்ணு தெரியாது. நீங்க லேப்ல புரோட்டீன் அளக்க லோரி முறை பண்ணுவீங்க இல்ல? 1951ல வந்த அந்த ஒத்தைக் கட்டுரைக்கு 3 லட்சத்துக்கு மேல சைட்டேஷன். அது ஒண்ணை மட்டும் எழுதிட்டு ஒருத்தர் பேனாவை மூடி வெச்சிருந்தா அவர் ஹெச் 1. இதுக்காகத்தான் எக்கேன்னு ஒருத்தர் 2006ல ஜி-இன்டெக்ஸ்னு ஒண்ணு கொண்டு வந்தார், அது உச்சியையும் கணக்குல சேர்க்கும். உங்களுக்கு 11 வருது. ஆனா நம்ம ஊர்ல அதைக் கேக்கற படிவத்தை நான் பார்த்ததில்ல.

ஸ்காலர்ல 9 ஏன்னா, அது வலைபோட்டு அள்ளும். ஆய்வேடு, மாநாட்டுத் தொகுப்பு, எவனோ ஏத்தி வெச்ச பிடிஎஃப், எல்லாத்துல இருந்தும் எண்ணும். ஸ்கோபஸ் எல்சவியர் கம்பெனிக்காரன் தேர்ந்தெடுத்த இதழ்கள்ல இருந்து மட்டும். வெப் ஆஃப் சயின்ஸ்னு இன்னொரு தரவுத்தளம், அது பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் கறார். மூணுமே பொய் இல்ல. எங்க எடுத்தது, எந்தத் தேதியில எடுத்ததுன்னு பக்கத்துல எழுதாத ஹெச்தான் பொய். ஹெச்ஓடி சொன்ன மாதிரி வெறும் 9னு போட்டு, கமிட்டியில ஒருத்தர் லேப்டாப்பைத் திறந்து ஸ்கோபஸ் பார்த்துட்டார்னா நீங்கதான் நின்னு பதில் சொல்லணும், அவர் வரமாட்டார்.

முதல் வேலையா ஸ்கோபஸ்ல ரெண்டு ப்ரொஃபைலையும் இணைக்கச் சொல்லி அனுப்புங்க. அதுக்கு அங்கேயே வழி இருக்கு, காசு இல்ல. கையோட ஆர்க்கிட் எண்ணும் வாங்கிடுங்க, அது ஆய்வாளருக்கான அடையாள எண். 16 இலக்கம், இலவசம். இனிஷியல் மாறினாலும் அது மாறாது. நம்ம ஆளுங்களுக்குக் குடும்பப் பேரே கிடையாது, வெளிநாட்டு மென்பொருள் எதைக் கடைசிப் பேருன்னு எடுக்கும்? ஒருத்தரை ரெண்டா வெட்டும், இல்லேன்னா ரெண்டு முருகனை ஒண்ணா ஒட்டும். ஒட்டினது இன்னும் மோசம். ஓசியில ஏறின எண்ணைத் திருப்பிக் குடுக்க யாருக்கும் மனசு வராது.

ஆரணிக்காரன்:

சார், எங்க கதையையும் கேளுங்க. நான் தமிழ்த்துறை. செங்கம் பக்கம் நடுகல்லுங்கதான் நம்ம ஏரியா. வட்டெழுத்து, பாதி தேஞ்சு போயிருக்கும், வெயில் சாயறப்போ பார்த்தாதான் எழுத்தே தெரியும். அதைப் படிச்சு, ஊர்க்காரங்களைக் கேட்டு, புத்தகமா கொண்டாந்தா, ஸ்கோபஸ்ல நான் பொறக்கவே இல்ல. ஹெச் பூஜ்யம்கூட இல்ல, ஆளே இல்ல!

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையில ஆய்வுக்குப் புள்ளி போடற அட்டவணை இருக்குதே, அதுல இந்தியப் பதிப்பகத்துல ஒரு புத்தகம் போட்டா 10 புள்ளி. ஒரு கட்டுரை வந்த இதழோட இம்பேக்ட் ஃபேக்டர் 1க்கும் 2க்கும் நடுவுல இருந்தா அதுக்கு மட்டுமே 15. எங்க ஊர்ல பட்டுப் புடவையை எடை போட்டு விலை சொன்னா நெசவாளி சிரிப்பான் சார். இங்க இன்னாடான்னா கல்வெட்டையே எடை போடறானுங்க.

காட்பாடி நூலகர்:

ஆரணித் தம்பி, உங்க கோபம் நியாயம். அந்த இம்பேக்ட் ஃபேக்டர் எங்க ஜாதிக்காரனுக்காகச் செஞ்ச பொருள், அதாவது நூலகருக்கு. யூஜின் கார்ஃபீல்டுன்னு ஒருத்தர், எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினாங்கன்னு காட்டற சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸை 1964ல வெளியிட்டார். அதுல எந்த இதழை எடுக்கறது, எதை விடறதுன்னு பார்க்கப் பிறந்த அளவு அது. நாங்களும் எதுக்குச் சந்தா கட்டலாம்னு அதை வெச்சுப் பார்ப்போம். இதழோட முந்தின ரெண்டு வருஷக் கட்டுரைங்களுக்கு இந்த வருஷம் வந்த சைட்டேஷனை, அந்தக் கட்டுரைங்க எண்ணிக்கையால வகுத்தா வர்றது. இதழோட சராசரி. அதுல எழுதின ஆளைப் பத்தி அது ஒண்ணுமே சொல்லாது. ஆள எடுக்க, உயர்த்த அதைப் பயன்படுத்தாதீங்கன்னு ஆய்வு மதிப்பீடு பத்தின சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்துல 2012லயே சொல்லியாச்சு. சொன்னா யார் கேக்கறா?

எண்ணறதே தப்புன்னு நான் சொல்லமாட்டேன். நம்ம சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1948லயே நூலக வேலைக்குப் புள்ளியியல் வேணும்னு "லைப்ரமெட்ரி"னு பேர் வெச்சுப் பேசினவர். ஆனா அவர் எண்ணச் சொன்னது வாசகனுக்கு வசதி பண்ண. இங்க எண்ணறது ஃபைலை மூட.

கணக்கு_வாத்தியார்:

கெமிஸ்ட்ரி 27ஐப் பார்த்து ஏன் மேடம் கவலை? துறைக்குத் துறை ஒப்பிடவே கூடாது. கெமிஸ்ட்ரியில ஒரு கட்டுரைக்குப் பின்னாடி அம்பது அறுபது மேற்கோள், ஆறேழு பேர் கூட்டு. எங்க கணிதத்துல ரெண்டு பேர் சேர்ந்து எழுதி, பதினஞ்சு மேற்கோள் இருந்தா பெருசு. யார் அதிகமா மேற்கோள் போடறாங்களோ அந்தத் துறையில எல்லாருக்குமே எண் ஊதும். உயிரியல்காரங்களுக்கு இயற்பியலைவிட ஹெச் கூடுதலா வருதுன்னு ஹிர்ஷே அந்த 2005 கட்டுரையில எழுதியிருக்கார். 27ல அவர் தன்னையே மேற்கோள் காட்டினது எவ்வளவுன்னும் ஸ்கோபஸ்ல நீக்கிப் பார்க்கலாம். நான் பார்க்கச் சொல்லல, வசதி இருக்குன்றேன்.

காட்பாடி நூலகர்:

வாத்தியார் வம்புக்கு இழுக்கறார், விடுங்க.

மேடம், உங்க விஷயத்துல இன்னொண்ணு. டேனரி மண்ணுன்னு சொன்னதால சொல்றேன். 1996 ஆகஸ்ட் 28ல உச்ச நீதிமன்றம் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்குல தீர்ப்பு சொல்லிச்சு. மாசுபடுத்தினவனே செலவை ஏத்துக்கணும்ன்ற கொள்கையை இந்தியச் சட்டத்துல உக்காரவெச்ச தீர்ப்பு, சட்டம் படிக்கிற பசங்க எல்லாருக்கும் பாடம். அந்தத் தீர்ப்பிலேயே ஒரு எண் வருது: டேனரிப் பகுதியில 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ பாழாப்போச்சுன்னு. அது எங்கேர்ந்து வந்தது? தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த முதற்கட்ட ஆய்வு. வயல்ல இறங்கி மண் எடுத்த யாரோ சில பேர். தீர்ப்புல வந்ததுக்காக அவங்க ஹெச்-இன்டெக்ஸ்ல அரைப்புள்ளி ஏறியிருக்காது. ஸ்கோபஸ் தீர்ப்பைப் படிக்காது.

அதனால படிவத்தோட ஒரு பக்கம் தனியா வையுங்க. உங்க கட்டுரைல மூணு போதும். ஒவ்வொண்ணையும் யார் எடுத்தாங்க, எதுக்கு எடுத்தாங்கன்னு ரெண்டு வரி. அந்த 41ல எத்தனை பேர் "இவங்களும் பண்ணியிருக்காங்க"ன்னு முன்னுரையில போற போக்குல சொன்னது, எத்தனை பேர் உங்க பாக்டீரியாவை எடுத்து வளர்த்துப் பார்த்தது? பின்னது நாலு இருந்தாலும் அந்த நாலைத்தான் மேல எழுதணும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கூட்டம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்னு எங்காவது உங்க வேலையைக் கேட்டு வாங்கியிருந்தா அந்தக் கடிதத்தையும் சேருங்க.

பாலாற்றங்கரை:

உக்கார்ந்து அந்த 41ஐயும் திறந்து பார்த்தேன் சார். பெரும்பாலும் முன்னுரையில ஒரு அடைப்புக்குறிக்குள்ள, இன்னும் அஞ்சு பேரோட சேர்த்து. ஆனா மூணு கட்டுரைல எங்க மண்ணுல பிரிச்ச அதே முறையை அப்படியே எடுத்துச் செஞ்சிருக்காங்க. ஒண்ணுல ரிசல்ட் ஒத்துவரலைன்னும் எழுதியிருக்காங்க. அதையும் போடலாமா? ஸ்கோபஸுக்கு இணைக்கச் சொல்லி அனுப்பிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஷீட் குடுக்கணும், அதுக்குள்ள வரலைன்னா?

காட்பாடி நூலகர்:

ஒத்துவரலைன்னு எழுதினதைக் கண்டிப்பா போடுங்க. உங்க முறையைச் செஞ்சு பார்த்தவங்க அவங்கதானே. அதுக்கு உங்க பதில் ஒரு வரி சேர்த்துடுங்க.

வெள்ளிக்குள்ள வரலைன்னா கட்டத்துல 5 போட்டுட்டு, ரிமார்க்ஸ் கட்டத்துல "ஸ்கோபஸ், இன்ன தேதி, இரண்டு ப்ரொஃபைல்களை இணைக்க விண்ணப்பிக்கப்பட்டுள்ளது, இணைந்தால் 7"னு எழுதுங்க. ரெண்டு ப்ரொஃபைலோட ப்ரின்ட் அவுட்டும், பேர் மாறினதுக்கு கெஜட் இல்லேன்னா கல்யாணச் சான்றிதழ் நகலும் பின்னாடி வையுங்க. ப்ரின்ட் எடுக்கறப்போ தேதி விழுதான்னு பார்த்துக்கோங்க, சில பிரவுசர்ல விழாது.