கல்முனை–மட்டக்களப்பு தினசரி ஓட்டம்: டீசல் ஹட்ச்பேக்கை விற்று ஸ்விப்ட் ஸ்போர்ட் வாங்கலாமா?

கேட்டவர்: பாண்டிருப்பு வாசி

எல்லோருக்கும் வணக்கம். நான் பாண்டிருப்பிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு வழிக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் என்பதால், மாதத்தில் 22 நாட்களுக்கு 1,760 கிலோமீற்றர் ஓடவேண்டும். அது போக, மாதம் ஒரு தடவை உகனை, மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்கும் போய் வருகிறேன்.

இப்போது என்னிடம் இருப்பது 1.5 லீற்றர் டீசல் ஹட்ச்பேக். எந்தக் கம்பனியின் கார் என்பதைச் சொல்லவில்லை. விற்கவேண்டிய வண்டியின் குறையை நானே ஊருக்கு எழுதிவைக்கக் கூடாது அல்லவா? மெனுவல் கியர், 105 குதிரைவலு, 220 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. லீற்றருக்கு 18 கிலோமீற்றர் தருகிறது. ஒரே தொல்லை அதன் புகைக்கரி வடிகட்டிதான். களுவாஞ்சிக்குடிக்கும் காத்தான்குடிக்கும் இடையில் ஊர்ந்து ஊர்ந்து போவதாலோ என்னவோ, கடந்த ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இரண்டு தடவையும் கராஜுக்குக் கொண்டுபோய், இயந்திரத்தை ஓடவிட்டுக் கரியை எரிக்கவேண்டி வந்தது.

ஆனால் மாற நினைப்பதற்குக் காரணம் அது மட்டும் என்று சொன்னால் பொய்யாகிவிடும். எனக்கு வயது 39. இளவயதில் வாங்க ஆசைப்பட்டு முடியாமற்போன வகைக் கார் ஒன்று, 2018 ஆம் ஆண்டு சுசுகி ஸ்விப்ட் ஸ்போர்ட், 1.4 லீற்றர் டர்போ, ஆறு கியர் மெனுவல், மட்டக்களப்பில் விலைக்கு வந்திருக்கிறது. ஜப்பானியக் கணக்கில் 140 குதிரைவலு, 230 நியூட்டன் மீற்றர், எடை 970 கிலோகிராம். முறுக்குவிசையில் வெறும் 10 தான் கூட என்றால் அப்படி என்ன வித்தியாசம் தெரியும் என்று மனைவி கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நமது வீதிகளில் இந்தக் கார் தாக்குப்பிடிக்குமா, பெற்றோல் செலவு கையைக் கடிக்குமா, பேருந்துகளை முந்துவதற்கு உண்மையிலேயே உதவுமா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது.

பதில்: காத்தான்குடி டயர்க்கடை

தம்பி, டயரிலும் றிம்மிலும் இருபது வருடம் கழித்தவன் என்ற முறையில் என் பங்கை மட்டும் சொல்கிறேன். அந்தக் காருக்கு வரும் டயரின் அளவு 195/45 ஆர் 17. முதல் இலக்கம் மில்லிமீற்றரில் அகலம், அடுத்தது டயர் மதிலின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது, கடைசி றிம்மின் அங்குலம். உங்களுடைய டீசலில் 185/65 ஆர் 15 போன்ற ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். 185 இன் 65 வீதம் 120 மில்லிமீற்றர். 195 இன் 45 வீதம் 88 மில்லிமீற்றர். அதாவது, றிம்முக்கும் வீதிக்கும் நடுவில் இருக்கும் இறப்பர் மதிலில் மூன்று சென்றிமீற்றருக்கு மேல் குறைந்துபோகிறது. கடையில் டயரைக் கழற்றிக் காட்டினால், விரல் இரண்டை வைத்து அந்த வித்தியாசத்தை அளக்கலாம்.

மாரி முடிந்து வெள்ளம் வடிந்த தை மாதத்தில் வந்து பாருங்கள். தண்ணீர் தேங்கிய குழிக்குள் 60 இல் விட்டு, றிம்மின் உள்விளிம்பு வாழைப்பழத் தோல் மாதிரி மடிந்து, டயரின் பக்கச் சுவரில் முட்டை போல ஒரு வீக்கத்தோடு வரும் கார்கள் எல்லாமே தாழ்ந்த டயர்க் கார்கள்தான். வீக்கம் வந்த டயரை ஒட்டிப் பாவிக்க முடியாது. உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே, வாங்கும் விலையோடு ஒரு டயரின் விலையை வருடத்துக்கு ஒரு தடவை சேர்த்தே கணக்குப் போடுங்கள். 16 அங்குல றிம் போட இடமிருந்தால், பிரேக் கலிப்பரில் முட்டுகிறதா என்று ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டு, 195/50 போடுவது நம் ஊருக்குப் புத்திசாலித்தனம். அழகு கொஞ்சம் குறையும். அதைப் பார்த்துக் கவலைப்படுகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

பதில்: கல்லடிப் பௌதிகம்

மனைவியார் கேட்டது மிகவும் சரியான கேள்வி. ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியன் என்பதால் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

இயந்திரத்தின் முறுக்குவிசை சக்கரத்துக்கு நேராகப் போவதில்லை. கியர் வழியாகப் பெருகித்தான் போகிறது. உங்கள் டீசலின் முறுக்குவிசை நிமிடத்துக்கு 1,400 சுழற்சியில் உச்சத்துக்கு வந்து 3,200 வரை நிற்கும். 4,000 க்கு மேல் மூச்சு வாங்கத் தொடங்கும், உடனே மேல் கியருக்குப் போகவேண்டும். பெற்றோல் இயந்திரம் 2,500 இல் உச்சத்தைத் தொட்டாலும் 5,500 வரை தளராமல் இழுக்கிறது. எனவே டீசலில் நான்காம் கியர் போடும் வேகத்திலும் இதில் மூன்றாம் கியரிலேயே நிற்கலாம். தாழ்ந்த கியர் முறுக்குவிசையைக் கூடுதலாகப் பெருக்கிக் கொடுக்கும். 220 க்கும் 230 க்கும் உள்ள வித்தியாசத்தை இயந்திரத்தில் தேடினால் கிடைக்காது, சக்கரத்தில்தான் தெரியும்.

இனி முந்துவதைப் பார்ப்போம். மக்கள் செறிந்த பகுதியில் 50, வெளியே 70 என்பதுதான் கார்களுக்குரிய சட்டம். பேருந்து 45 இல் போகிறது, நீங்கள் 70 க்கு ஏறவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநரோடு சேர்த்து 1,200 கிலோகிராம் எடையுள்ள டீசலுக்கு அதற்கு 133 கிலோயூல் சக்தி தேவை. 1,040 கிலோகிராமுக்கு 115. சராசரியாக டீசலின் சக்கரத்தில் 50 கிலோவாற்றும் மற்றதில் 70 கிலோவாற்றும் கிடைக்கிறது என்று எடுத்தால், முதலாவதற்கு 2.7 செக்கன், இரண்டாவதற்கு 1.6 செக்கன். காற்றுத் தடையையும் கியர் மாற்றும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டும் கூடும். வித்தியாசம் ஒரு செக்கனை ஒட்டியே இருக்கும்.

ஒரு செக்கன் என்பது 60 இல் போகும்போது ஏறக்குறைய 17 மீற்றர், ஒரு பேருந்தின் நீளத்தைவிடக் கூட. அதை அற்பம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாண்டிருப்பிலிருந்து கல்லடிப் பாலம் வரை ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. பள்ளிக்கூடம், பள்ளிவாசல், கோயில், சந்தை என்று மாறி மாறி வரும் அந்த வழியில் 70 இல் போக உரிமையுள்ள இடமே சொற்பம். நீங்கள் வாங்கும் அந்த ஒரு செக்கனைச் செலவழிக்க இடம் தேடித்தான் அலையவேண்டும்.

பதில்: அக்கரைப்பற்று ஸ்போர்ட்

அண்ணா, நான் இதே காரை மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். அதற்கு முன்னர் ஓட்டியது மெனுவல் டீசல்தான். ஆகவே நீங்கள் தாண்ட நினைக்கும் வாய்க்காலை நான் ஏற்கெனவே தாண்டியிருக்கிறேன் என்று சொல்லலாம். ஐயா சொன்ன கணக்கு முழுவதும் சரி. கடற்கரை வீதியில் இந்தக் கார் எனக்கு ஐந்து நிமிடத்தைக்கூட மிச்சப்படுத்தியதில்லை.

முதலாவது மாதம் நான் செய்த பிழையைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். டீசல் ஓட்டியவர்களுக்குக் கால் ஒரு மாதிரிப் பழகிவிடும். 45 இலேயே ஐந்தாம் கியரைப் போட்டுவிட்டு, வேகம் வேண்டும் என்றால் கியரைக் குறைக்காமல் அக்சிலரேற்றரை மட்டும் அழுத்துவோம். டீசல் அதை மகிழ்ச்சியாகத் தாங்கும். சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருளைப் பாய்ச்சும் சிறிய டர்போ பெற்றோல் இயந்திரத்துக்கு அதுதான் நஞ்சு. 1,500 சுழற்சியில் முழு அழுத்தம் கொடுக்கும்போது, சிலிண்டருக்குள் ஒதுங்கிய ஒயில் துளி போன்ற ஏதாவது ஒன்று, பிளக் பொறி தட்டுவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடக் கூடும். அந்த அடி பலமாக விழுந்தால் பிஸ்டனே உடையும். 2020 மே மாதத்தில் வந்த ஏபிஐ எஸ்பி (API SP) என்ற தர ஒயில்களில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு; ஒயில் வாங்கும்போது போத்தலின் பின்பக்கத்தில் SP என்ற அந்த இரண்டு எழுத்தையும் பார்த்து வாங்குங்கள். ஒயிலைவிட முக்கியம், ஏற்றம் வந்தாலும் முந்த நினைத்தாலும் முதலில் ஒரு கியரைக் குறைத்து, பிறகு அழுத்துவது. என் காலுக்கு அது பழக இரண்டு மாதம் எடுத்தது.

அடுத்தது பெற்றோல். ஜப்பானில் இந்தக் காருக்குக் குறித்திருப்பது உயர் ஒக்டேன் பெற்றோல், அதாவது அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் கூடுதலாகத் தாங்கும் பெற்றோல். நமக்குக் கிடைப்பதில் அதற்குக் கிட்டியது 95 ஒக்டேன். எல்லா நிரப்பு நிலையங்களிலும் 95 இருப்பதில்லை, இருக்கும் இடத்திலும் சில நாட்களில் முடிந்துபோகும். தாங்கி 37 லீற்றர்தான் என்பதால், பாதிக்குக் கீழே இறங்கும்போதே அடுத்து எங்கே நிரப்புவது என்று யோசிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கடற்கரை வீதியில் எனக்குக் கிடைப்பது லீற்றருக்கு 12. மகாஓயாப் பக்கம் போனால் 16 வரை வரும். உங்கள் 1,760 கிலோமீற்றருக்கு டீசலில் 98 லீற்றர் போதும், இதில் 147 வேண்டும். விலை மாதாமாதம் மாறுவதால் தொகையை நான் எழுதவில்லை. நிலையத்துப் பலகையைப் பார்த்து நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். 95 இன் விலை டீசலின் விலையைவிடக் கூட என்பதால், லீற்றரிலும் விலையிலுமாக அடி இரண்டு பக்கமும் விழும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, விற்பீர்களா என்று கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்வேன். நீங்கள் கண்டிக்குப் போகும் வழியில், ஹசலகவுக்கு மேலே இருக்கும் பதினெட்டு வளைவில் ஒரு காலை ஏறிப் பாருங்கள். டீசலில் அந்த ஏற்றம் ஒரு வேலை; வளைவுக்குள் மூக்கு கனக்கும், வெளியே வரும்போது டர்போ விழிக்கும்வரை காத்திருக்கவேண்டும். இந்தக் காரில், வளைவுக்கு முன் இரண்டாம் கியருக்கு இறக்கி, ஸ்டியரிங்கை நேராக்கும்போதே காலை மெல்ல இறக்கினால், 30 இலும் 40 இலும் போகும்போதே உடம்புக்குத் தெரிந்துவிடும், எதற்காகப் பணம் கொடுத்தோம் என்று. அந்தச் சந்தோசத்துக்குச் சட்டத்தை மீறும் வேகம் தேவையில்லை. உங்களுக்கு அந்த வீதி மாதத்தில் ஒரு தடவை கிடைக்கிறது. எனக்கு அது போதும். உங்களுக்குப் போதுமா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

கேட்டவர்: பாண்டிருப்பு வாசி

அக்கரைப்பற்றுத் தங்கச்சி, டயர்க்கடைக் காக்கா, கல்லடி ஐயா மூவருக்கும் நன்றி. கியர் குறைக்காமல் அழுத்தும் பழக்கத்தைப் படித்தபோது, என்னை யாரோ பின்சீற்றிலிருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: 95 கிடைக்காத நாளில் 92 ஊற்றினால் என்ன ஆகும்?

பதில்: வாழைச்சேனை கராஜ்

உடனே ஒன்றும் ஆகாது. இயந்திரத்தின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை சுருக்கப்படும் அளவு, 9.9 க்கு 1; அதன் மேல் டர்போவும் காற்றைத் திணிக்கிறது. 92 ஊற்றினால் இடிப்பு வரும், அதாவது கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்து இயந்திரத்தைத் தட்டும். அதை ஒரு உணரி கேட்டு, கணினி பொறியைத் தாமதப்படுத்தும். இடிப்பு அடங்கும், அதோடு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குதிரைகளில் சிலவும் படுத்துவிடும். சித்திரை வெயிலில் இது இன்னும் அதிகம். அவசரத்துக்கு 92 ஊற்றி, அமைதியாக ஓட்டி, அடுத்த தடவை 95 நிரப்பலாம். மாதம் முழுவதும் 92 தான் ஊற்றப்போகிறீர்கள் என்றால் இந்தக் காரை வாங்காதீர்கள்.

இன்னொன்று. 2020 மார்ச் மாதம் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்தது. எனவே 2018 ஆம் ஆண்டுக் கார் என்றால், ஏற்கெனவே பல வருடம் நம் ஊர் வீதிகளில் அடிபட்டது என்றே எடுங்கள். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்ரகூலர் முன் பம்பருக்குப் பின்னால், தாழ்வாக இருக்கிறது; கோட்டைக்கல்லாறு, ஓந்தாச்சிமடம் பக்கத்து உப்புக்காற்றும் வீதியில் தெறிக்கும் கற்களும் முதலில் படுவது அதில்தான். பம்பரின் கீழ் இடைவெளிக்குள் கைபேசி வெளிச்சத்தை அடித்து, அதன் இதழ்கள் வெள்ளையாகப் பூத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஜப்பான் ஏல அறிக்கையை விற்பவர் தரும் பிரதியில் பார்க்காமல், சேசிஸ் இலக்கத்தைக் கொண்டு நீங்களே எடுத்து, ஓடிய கிலோமீற்றரை ஒப்பிடுங்கள். யாரோ ரியூன் செய்து, அதாவது வலுவைக் கூட்ட இயந்திரத்தின் அமைப்பை மாற்றி, பிறகு பழையபடி ஆக்கிய கார் என்று சந்தேகம் வந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் தொடவேண்டாம்.

உங்கள் டீசலைப் பற்றியும் ஒரு சொல். மாதம் ஒரு தடவை மகாஓயா வீதியில் மூன்றாம், நான்காம் கியரில் 2,500 சுழற்சிக்குக் குறையாமல் அரைமணி நேரம் ஓட்டினால், வடிகட்டி தானே கரியை எரித்துச் சுத்தமாகும். நிரப்பும்போது கந்தகம் குறைந்த சுப்பர் டீசலை ஊற்றுங்கள். வடிகட்டிக்குப் பயந்து மட்டும் காரை மாற்றுவதானால் மாற்றத் தேவையில்லை.

கேட்டவர்: பாண்டிருப்பு வாசி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை விற்பவரோடு காரை எடுத்துப் போனேன். இன்ரகூலர் சுத்தம், ஏல அறிக்கையில் இருந்த கிலோமீற்றரும் பொருந்தியது. பெரியகல்லாறு தாண்டி ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், தங்கச்சி சொன்னபடி ஒரு கியர் குறைத்து அழுத்தினேன். பின்சீற்றில் இருந்த மனைவி, 230 க்கும் 220 க்கும் உள்ள வித்தியாசம் தனக்கு விளங்கிவிட்டது, இனி மெதுவாகப் போகலாம் என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் தடங்கல் வந்தது. எங்கள் படலைக்கு முன்னால் வடிகானின் மேல் போட்டிருக்கும் கொங்கிறீற் மூடி ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறது. டீசல் ஆறு வருடமாக ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறி இறங்கிய இடம். இந்தக் காரின் தரை இடைவெளி 120 மில்லிமீற்றர். நேராக ஏற்றியபோது பம்பரின் அடி கரகரவென்று உரசியது. விற்பவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. சாய்வாக ஏற்றிப் பார்த்தோம், அப்போதும் விரற்கடை அளவில் உரசியது.

மேசன் புதன்கிழமை வருகிறார். மூடியை உடைத்து, சரிவை நீட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன். கொங்கிறீற் இறுகும்வரை முற்பணம் கொடுப்பதில்லை என்று விற்பவரிடம் சொல்லிவிட்டேன். அவரும் பத்து நாள் பொறுப்பதாக ஒப்புக்கொண்டார். காக்கா, 16 அங்குல றிம் நான்கின் விலையைத் தனிமடலில் அனுப்பிவிடுங்கள்.