கடவுளை நம்பினால் மனசு அமைதியாகுமா, இல்லை வாயைத்தான் அடைக்குமா?

மார்த்தாண்டம் தேன்:
எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து ஜெபிக்கிற குழுவில், ஒரு அக்கா இருக்காங்க. மகன் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போறவன், கடலுக்குள்ளே போனால் நாள் கணக்கில் போன் கிடையாது. "இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு எப்படி அக்கா தூங்குறீங்க?" என்று கேட்டேன். ராத்திரி செபமாலை முடிந்ததும் பையனை ஆண்டவர் கையில் ஒப்படைத்துவிடுவேன், அதுக்கு மேல அது என் பாரம் இல்லை என்றாங்க. எனக்கு அது முழு உண்மையாகவே படுகிறது. எல்லாம் நல்லபடியா நடக்கும் என்ற உறுதியிலிருந்து வருகிற அமைதி இல்லை அது, நாம் தாங்க முடியாததைத் தாங்க ஒருத்தர் இருக்கிறார் என்பதிலிருந்து வருகிறது. உங்களுக்கு எப்படி?

கரைமடி:
அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் எங்க அப்பா திரும்பி வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத சட்டப்படி 7 வருடம் ஆகணும், ஒக்கி குடும்பங்களுக்காக அரசு அதைத் தளர்த்தியது. அதனால் காகிதத்தில் அப்பா சீக்கிரமே இறந்துபோனார், அம்மா மனசில் இன்னும் இல்லை. வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்தரும் சொன்னது ஒரே வார்த்தை, தேவ சித்தம். ஆழ்கடலில் இருந்தவங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை, படகில் இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. இதில் எது தேவ சித்தம்? அமைதியா இரு என்று அம்மாகிட்ட சொன்னது, கேள்வி கேட்காதே என்று சொன்னது மாதிரிதான்.

நிழல்தாங்கல்:
தம்பி சொல்வதில் உள்ள வலி புரிகிறது. ஆனால் நம்பிக்கை என்றாலே தலைகுனிவு என்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்க தலைப்பாகை கட்டக் கூடாது, அவங்க பெண்கள் மேல்துணி போடக் கூடாது என்று இருந்த காலத்தில், தலைப்பாகையோடு வந்து கும்பிடு என்று சொன்னவர் அய்யா வைகுண்டர். எல்லா சாதியும் ஒரே முத்திரிக் கிணற்றில் குளிக்க வைத்தார். திருவிதாங்கூர் ராஜா அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார், அதற்குப் பிறகும் ஜனம் அவர் இருந்த சாமித்தோப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. பதியில், அதாவது எங்கள் அய்யாவழிக் கோயிலில், சிலைக்குப் பதிலாக இருக்கிற கண்ணாடி முன்னால் நிற்கும்போது என் நெற்றியில் உள்ள நாமத்தைத்தான் நான் பார்க்கிறேன். உள்ளே இருக்கிறவனை நம்பினால் வெளியே யாருக்கும் பயப்பட வேண்டாம். எங்களுக்கு அமைதி என்றால் அந்த அச்சமின்மைதான்.

கரைமடி:
அண்ணே, நீங்க சொல்றது போராட்டம். அதை நான் மதிக்கிறேன். அக்கா சொல்றது பாரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தூங்குவது. ரெண்டும் வேற.

மார்த்தாண்டம் தேன்:
வேற இல்லை தம்பி. 2017 டிசம்பர் 7 உனக்கு நினைவிருக்கும். கடற்கரை ஊர்களில் இருந்து ஆயிரக்கணக்கில் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தாங்களே, கூடவே பங்குத்தந்தைகளும் இருந்தாங்க. தேடு, எங்கள் ஆட்களைத் தேடு என்று கேட்டவங்க ஜெபத்தை விட்டுவிட்டு வந்தவங்க இல்லை, ஜெபம் பண்ணிக்கொண்டேதான் வந்தாங்க. ஒன்றுக்கும் கவலைப்படாதீங்க என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அதைச் சிறையில் இருந்துதான் எழுதினார். கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளையை 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றாங்க, 2022-இல் புனிதர் ஆனார். நம்புகிறவனுக்கு ஆபத்து வராது என்று அவங்க யாரும் சொல்லவில்லை.

பால்வெட்டு குலசேகரம்:
நான் படித்தவன் இல்லை, என் அனுபவத்தைச் சொல்கிறேன். விடியறதுக்கு முன்னால் தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் பால் வெட்டப் போவேன். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை, பேங்குக்காரனுக்கு மழை தெரியாது. ஒரு சமயம் தூக்கமே போய்விட்டது, நெஞ்சு படபடக்கும். எல்லாம் ஆண்டவர் பார்த்துக்குவார் என்று மொத்தமாக ஜெபித்தால் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒவ்வொரு மரமாக வெட்டும்போது ஒவ்வொரு கவலையாகப் பெயர் சொல்லிச் சொல்ல ஆரம்பித்தேன். இந்த மாதத் தவணை. மகள் பீஸ். அம்மாவின் கால் வீக்கம். சொல்லும்போதே எது என்னால் முடியும், எது முடியாது என்று தானாகப் பிரியும். முடிந்ததைப் பகலில் செய்வேன். ஜெபத்தோடு டாக்டரையும் பார் என்று எங்கள் சபை போதகரே சொன்னார், போனேன், மாத்திரையும் சாப்பிட்டேன். அது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க மக்களே.

கரைமடி:
அண்ணாச்சி எழுதினதை ரெண்டு தடவை படித்தேன். இப்படி யாரும் எங்க அம்மாகிட்ட பேசினதில்லை. அம்மா குருசடி (சிலுவை வைத்த சின்னக் கோயில்) முன்னால் நின்று கடவுளைத் திட்டியிருக்காங்க, சத்தம் போட்டு. சொந்தக்காரங்க வந்து வாயைப் பொத்தினாங்க, பாவம் வந்து சேரும் என்று. ஆறு மாதம் ஆகியும் அழுதால், உனக்கு விசுவாசம் பத்தல என்றாங்க. அப்பாவோட கைலி இன்னும் துவைத்து மடித்து அலமாரியில் இருக்கு, அதை எடுத்துக் கொடுத்துவிடு, அப்பதான் சமாதானம் வரும் என்று ஒருத்தர் உபதேசம். அமைதி வராதது அவங்க குற்றமா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

மார்த்தாண்டம் தேன்:
இல்லை. அவங்க குற்றம் இல்லவே இல்லை. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று சிலுவையில் இருந்து கத்தினது இயேசுவே. உங்க அம்மா திட்டினது, இருக்கிறார், கேட்கிறார் என்று நம்புகிற ஒருத்தரிடம். அந்த வாயைப் பொத்தினவங்கதான் அவங்க விசுவாசத்தைத் தடுத்தாங்க. அழுகிறவளுக்கு முதல் நாளே வசனம் வாசித்துவிட்டு எழுந்து வருகிற பழக்கம் எங்க அன்பியத்திலும் இருக்கு, அதை இந்த வாரமே பேசப்போகிறேன்.

நிழல்தாங்கல்:
தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம் என்று எங்க பக்கம் சொல்வோம். அழுகிறவங்களுக்குப் புத்தி சொல்வது தற்காப்பதில் சேராது.

கரைமடி:
அம்மா இன்னும் காலை முதல் பூசைக்குப் போறாங்க. நான் போகமாட்டேன். அவங்களுக்கு அங்கே ஏதோ கிடைக்குது, அதை நான் பிடுங்க மாட்டேன். ஆனா எனக்கு அது வரலை, வரணும் என்று யாரும் கட்டாயப்படுத்தவும் கூடாது.

மார்த்தாண்டம் தேன்:
சரி தம்பி, கட்டாயப்படுத்த மாட்டேன். அம்மாவைப் பார்க்க வரலாமா? வசனம் சொல்ல இல்லை. அப்பாவைப் பற்றி அவங்க சொல்றதைக் கேட்க.

கரைமடி:
வாங்க அக்கா. காலையில் மீன் விற்கப் போயிடுவாங்க, மதியத்துக்கு மேல வாங்க. கட்டன் சாயா போட்டுத் தருவாங்க, வேண்டாம் என்று மட்டும் சொல்லிடாதீங்க, கோபம் வரும்.