கலைச்சொல் வேண்டும்: நடுவர் வழக்கில் முதலிலேயே கட்டச் சொல்லும் பணம்

திருப்பூரிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்றுமதியாளர்களுக்காக ஒரு சிறு கையேடு தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பையரோடு, அதாவது வெளிநாட்டில் நம் சரக்கை வாங்குபவரோடு, தகராறு முற்றி, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் யாரும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஷரத்துப்படி பாரிசிலோ லண்டனிலோ சிங்கப்பூரிலோ நடுவர் வழக்கு (கோர்ட்டுக்குப் பதில் தனி நடுவர்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது) நடத்த வேண்டி வந்தால் எவ்வளவு பணம் புரட்ட வேண்டும் என்பதுதான் பொருள். பாதி எழுதியாயிற்று. ஒரு சொல்லில் முட்டி நிற்கிறேன்.

சொல்லுக்கு முன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாரிசிலுள்ள சர்வதேச வர்த்தக சபை, அதாவது ஐசிசி, 2003, 2004 ஆண்டுகளில் இறுதித் தீர்ப்பு வந்த, தன்னிடம் நடந்த நடுவர் வழக்குகளை எடுத்துச் செலவைப் பிரித்துப் பார்த்தது. மொத்தத்தில் 82 சதவீதம் கட்சிக்காரர்கள் தங்கள் தரப்பை நடத்தச் செய்த செலவு: வக்கீல், சாட்சி, நிபுணர் எல்லாம் இதில் அடக்கம். நடுவர்களுக்குப் போனது 16. ஐசிசியின் நிர்வாகச் செலவு வெறும் 2. ஆனால் என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பதினெட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஐசிசியில் நடுவர் கட்டணம் வழக்குத் தொகையை வைத்து அட்டவணைப்படி வரும். தொகையைப் போட்டால் தோராயமாகக் காட்டிவிடும் கால்குலேட்டரே அவர்கள் தளத்தில் இருக்கிறது. லண்டனில் இதே வேலை செய்யும் எல்சிஐஏ நிறுவனத்தில் நடுவருக்கு மணிக்கணக்கு. எதுவானாலும் ஓர் எண் கிடைத்துவிடுகிறது. 82க்குக் கால்குலேட்டர் இல்லை.

அதை நாம்தான் காஸ்டிங் போட வேண்டும். நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங் என்று பீஸுக்குப் போடுவது போலவே கட்டம் கட்டமாக: வழக்கு மனு, நடுவர் நியமனம், வாதுரைகள், ஆவணப் பரிமாற்றம், சாட்சி அறிக்கைகள், விசாரணை நாட்கள், தீர்ப்புக்குப் பின் வசூல். பணம் கரைவது நடுக் கட்டங்களில். ஷிப்மென்ட் ஏன் தாமதமானது என்ற ஒரே கேள்விக்கு மெர்ச்சண்டைசர் ஒரு சாட்சி, சாயப்பட்டறை மேனேஜர் ஒரு சாட்சி, சரக்கை அனுப்பிவைக்கும் பார்வர்டர் ஒரு சாட்சி என்று போனால் ஒவ்வொருவருக்கும் வக்கீல் உட்கார்ந்து அறிக்கை எழுத வேண்டும். நம் ஊரில் பாதி ஆதாரம் வாட்ஸ்அப்பில், அதுவும் வாய்ஸ் மெசேஜில் இருக்கும். “லேப்-டிப் ஓகே ஆகலீங்க, சாயம் ரெண்டு நாள் தள்ளும்” என்று சாய மாதிரிக்கு ஒப்புதல் வராததைச் சொல்லும் மெசேஜைக் கேட்டு எழுதி, மொழிபெயர்த்து, சான்று வாங்கி அனுப்ப வேண்டும். இதையெல்லாம் எவரும் எஸ்டிமேட்டில் சேர்ப்பதில்லை. நடுவர் சேவைக்கு வணிக நிறுவனம் ரிவர்ஸ் சார்ஜில், அதாவது சேவை பெறுபவரே வரி கட்டும் முறையில், ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

இனி சொல். ‘எஸ்டிமேட்’டுக்கு மதிப்பீடு, ‘பட்ஜெட்’டுக்குச் செலவுத் திட்டம் என்று வைத்துக்கொண்டேன். முன்னது ஒரு தடவை போடுவது, பின்னது ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் திருத்துவது. சிக்கல் ‘அட்வான்ஸ் ஆன் காஸ்ட்ஸ்’. நடுவர்களுக்கும் நிறுவனத்துக்கும் ஆகும் செலவை முன்கூட்டியே இரு தரப்பும் பாதிப் பாதியாகக் கட்டி வைப்பது. ‘முன்பணம்’ என்று எழுதினால் நம் ஆட்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். கடை வாடகைக்குக் கொடுக்கிற அட்வான்ஸ் காலி செய்யும்போது திரும்பி வரும். ஆர்டருக்கு வாங்குகிற அட்வான்ஸ் பில்லில் கழியும். தறிப்பட்டறையில் அட்வான்ஸ் என்றால் அது கடன். இந்தப் பணம் மூன்றிலும் சேராது. ‘முன்கட்டு’ என்று ஒன்று தோன்றுகிறது. பணம் கட்டுதல் என்பதிலிருந்து எடுத்தது. கருத்துச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:

தம்பி, முன்கட்டு என்றால் எங்கள் பக்கம் வீட்டின் முன்பகுதி. முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு. “முன்கட்டைச் செலுத்தாவிடில் வழக்கு நிற்கும்” என்று கையேட்டில் படித்தால் வீட்டை எழுதி வைக்கச் சொல்கிறார்களோ என்று பயந்துவிடுவார்கள். ‘செலவு வைப்பு’ என்றால் என்ன குறை?

கோவையிலிருந்து:

வைப்பு வேண்டாங்க அக்கா. வைப்புத்தொகை என்றாலே எப்.டி., வட்டி என்றுதான் மனது போகும். இந்தப் பணத்தில் நடுவர் கட்டணம் போய்விடும். முடிவில் மிச்சம் இருந்தால் மட்டும் திரும்பும்.

தம்பி, நான் நடுவர் வழக்கு வக்கீல் என்பதால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஒன்று, ஐசிசியில் மனுவோடு கட்டும் 5,000 டாலர் பதிவுக் கட்டணம் தனி. அது திரும்ப வராது, ஆனால் வாதியின் பங்கில் வரவு வைக்கப்படும். கையேட்டில் இரண்டுக்கும் ஒரே சொல் போட்டுவிடாதே.

இரண்டாவதுதான் பெரியது. பாதிப் பாதி என்று எழுதியிருக்கிறாய். எதிராளி தன் பாதியைக் கட்டாமல் சும்மா உட்கார்ந்தால்? அவன் பங்கையும் நாம் கட்டினால்தான் வழக்கு நகரும். கட்டாமல் விட்டால் கோரிக்கையைத் திரும்பப் பெற்றதாகவே ஐசிசி எடுத்துக்கொள்ளலாம். நடுவர் வழக்குகளுக்கான நம் 1996ஆம் வருட இந்தியச் சட்டத்தின் 38ஆம் பிரிவும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. பில் பாக்கி வைத்த பையர் பங்கு கட்டுவான் என்று நம்பிப் பட்ஜெட் போடுவது வெள்ளந்தித்தனம். மதிப்பீட்டில் எப்போதும் முழுத் தொகையையும் நம் பக்கமே எழுது.

நம் ஊர் ஸ்பின்னிங் மில்காரர்கள் மறுபக்கத்தில் நின்று இதைப் பார்த்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பஞ்சு வாங்கினால் தகராறு பெரும்பாலும் லிவர்பூலில் உள்ள சர்வதேசப் பருத்திச் சங்கத்தின் நடுவர்களிடம் போகும். பெரும்பாலும் காகிதத்திலேயே முடியும் என்பதால் செலவு மட்டு. ஆனால் தீர்ப்புப்படி பணம் தராதவர் பெயர் அவர்கள் வெளியிடும் பட்டியலில் ஏறும். அப்புறம் பஞ்சு விற்க ஆள் யோசிப்பார்கள். அந்தச் செலவை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நீயே சொல்.

கரூரிலிருந்து:

வீட்டுத் துணி ஏற்றுமதிக்காரன் பேசுகிறேன். சொல் எதுவானாலும் சரிங்க, ஒரு சந்தேகம். ஜெயித்தால் இந்தப் பணமெல்லாம் எதிராளியிடமிருந்து வந்துவிடும்தானே? பிறகு எதற்கு இவ்வளவு கணக்கு? இன்னொன்று, 2 லட்சம் டாலர் பாக்கிக்கு ஐசிசிக்குப் போகலாமா?

திருப்பூரிலிருந்து:

கரூர் அண்ணாவுக்கு முதலில். தோற்றவர் செலவைத் தர வேண்டும் என்பது இங்கிலாந்துச் சட்டத்திலும், நம் சட்டத்தில் 2015 திருத்தத்தில் வந்த 31ஏ பிரிவிலும் பொது விதி. ஐசிசி விதிகளில் அப்படிக் கட்டாயம் இல்லை. யார் எவ்வளவு ஏற்பது என்பதை நடுவர்கள் முடிவு செய்வார்கள், வழக்கை யார் வீணாக இழுத்தடித்தார் என்பதையும் பார்க்கலாம். தீர்ப்பில் எழுதினாலும் வசூலாக வேண்டுமே. அதனால் செலவுத் திட்டத்தில் வரவுப் பக்கம் சுழி போட்டுத்தான் தொடங்கச் சொல்கிறேன்.

2 லட்சம் டாலருக்கு மூன்று நடுவர், ஒரு வார நேரடி விசாரணை என்று போனால் பாக்கியை வக்கீலுக்கே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். ஐசிசியில் விரைவு நடைமுறை உண்டு. 2021 விதிகளின்படி, அந்த ஆண்டு முதல் போட்ட ஒப்பந்தங்களுக்கு 30 லட்சம் டாலர் வரை அதுதான் பொருந்தும், இரு தரப்பும் வேண்டாம் என்று எழுதியிருந்தால் ஒழிய. வழக்கமாக ஒரே நடுவர், கட்டணமும் குறைவு. நேரடி விசாரணை இல்லாமல் காகிதத்திலேயே முடிக்கவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. அடுத்த ஒப்பந்தம் போடும்போது ஒரே நடுவர் என்று ஷரத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரிக்குக் காசு கிடையாது.

சொல்லுக்கு வருகிறேன். பொள்ளாச்சி அக்கா சொன்ன வீடு நியாயம்தான். ‘தொகை’ ஒட்டினால் வீடு விலகிவிடும்: முன்கட்டுத் தொகை. பதிவுக் கட்டணம் தனியாகவே நிற்கும். எதிராளியின் பாதியை நாம் கட்டுவதற்கு இங்கிலீஷில் தனிப் பெயர் இருக்கிறது. நானும் பதில்கட்டு, ஈடுகட்டு என்று போட்டுப் பார்த்தேன். ஈடுகட்டு நஷ்டஈட்டுப் பக்கம் இழுக்கிறது, பதில்கட்டு யாருக்கும் புரியாது. இதற்குக் கலைச்சொல்லே வேண்டாம் என்று தோன்றுகிறது. கையேட்டில் இப்படிப் போடுகிறேன்:

“முன்கட்டுத் தொகையில் மறுதரப்புப் பங்கையும் நீங்களே கட்ட நேரிடலாம். உங்கள் செலவுத் திட்டத்தில் முழுத் தொகையையும் எழுதுங்கள்.”

கோவை அண்ணா, ‘கட்ட நேரிடலாம்’ போதுமா, ‘கட்ட வேண்டி வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதட்டுமா?

கோவையிலிருந்து:

இரண்டாவதைப் போடு.